‘பழுது’ என்று எழுதிய கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அடுப்படி, பேப்பர் திருத்துவது எல்லாம் போக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற, உலகத்தில் ரொம்பக் கொஞ்சம் பேரே வைத்திருக்கிற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சம்பளமில்லாமல் புரோகிராம் எழுதுவேன். போட்டோக்களைத் திறந்து காட்டும் பகுதி என் பொறுப்பு. திரையில் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதியதும் நான்தான். “நாலு பேர் பார்க்கறதுக்கு நாப்பது நாளா உட்கார்ந்திருக்கியே, உன்னை என்னன்னு சொல்றது?” என்பார் என் கணவர். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

அந்த நாலு பேரில் ஒருவர் எதிர்வீட்டு அக்கா. வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். பள்ளியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிசைன் படங்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று அவருக்குத் தயார் செய்து கொடுத்திருந்தேன். எல்லாமே தமிழில் இருக்கிறதே என்று பூரித்துப்போனார். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் “எங்க டீச்சர் எழுதினது” என்று காட்டுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டியவர். அந்த வருடம் ஐப்பசியில் ஈரல் கெட்டு, புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து இறந்துபோனார். படுக்கையில் பொழுது போகாமல், மகள் வாங்கித் தந்த புது போனில் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம். காரியமெல்லாம் முடிந்து மகள் சென்னைக்கு வேலைக்குத் திரும்பும்போது, படங்களை அம்மாவின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததையெல்லாம் அழித்துத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏற்றிய படங்களைத் திறந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பள்ளி திறந்த அந்த வாரம் பிளவுஸ் வாங்கப் போனவள், சும்மா இருக்காமல், “அண்ணன் எடுத்த போட்டோவெல்லாம் பார்த்தீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க டீச்சர் பார்க்கறது? அத்தனையும் கெட்டுப்போச்சு. ஒண்ணு விடாம அமுக்கிப் பார்த்தேன். எல்லாத்துக்கும் ‘இந்தப் படம் பழுதடைந்துள்ளது’ன்னே வந்துச்சு. பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சலா இருந்துச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

அந்த வரி நான் எழுதியது.

படங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்போது வரும் போன்களில் ஹெச்டிஆர் என்று ஒரு புது வகைப் படம் உண்டு. கண் கூசும் வெளிச்சம், கும்மிருட்டு இரண்டையும் ஒரே படத்தில் விடாமல் பிடித்து வைக்கும். அதைத் திறக்க என் புரோகிராமுக்குத் தெரியாது. அதைச் சேர்க்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரண்டு முறை எழுதியிருந்தார். ‘நம் ஆட்களில் யாரிடம் அப்படிப்பட்ட போன் இருக்கிறது’ என்று மெத்தனமாகப் பதில் போட்டேன். அதோடு விட்டேனா? எந்தக் காரணத்தால் படம் திறக்காவிட்டாலும் ‘பழுது’ என்ற ஒரே வரி வரும்படி எழுதிவைத்திருந்தேன். காரணம் பிரித்து எழுதச் சோம்பல், வேறொன்றும் இல்லை.

இதை அக்காவிடம் சொல்லாமல் பிளவுஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவர் வாசலைத் தவிர்த்துப் பின்தெரு வழியாகப் பள்ளிக்குப் போனேன். “விட்டுடு. இப்ப போய்ச் சொன்னா அவங்களுக்கு அது இன்னொரு சாவு,” என்றார் கணவர். அது அக்காவுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன, தப்பு என்னுடையது என்று.

அக்கா மெஷினை நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலாம்.

“இங்கிலீஷ்ல வந்திருந்தா எனக்குப் புரியலைன்னு யாரையாச்சும் கேட்டிருப்பேன் டீச்சர். தமிழ்ல அவ்வளவு தெளிவா சொல்லியிருந்துச்சே. நீங்க எழுதினதாச்சேன்னு நம்பிட்டேன்.”

அழித்ததில் ஏதாவது மீட்க முடியுமா என்று பார்க்கக் கம்ப்யூட்டரைக் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அழித்த படம் உடனே மறைந்துவிடாது, அந்த இடத்தில் புதிது ஏறும்வரை உள்ளேயே கிடக்கும். ஆனால் அழித்த பிறகும் அக்கா புது டிசைன்களை அதில் ஏற்றிக்கொண்டே இருந்ததால், பழைய படங்கள் இருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. முந்நூறுக்கு மேல் இருந்தவற்றில் ஒன்பது படங்களின் துண்டுதுணுக்குகள் கிடைத்தன. இப்போது அவை நிஜமாகவே பழுது. எந்த போனிலும் திறக்கவில்லை. மிச்சமிருப்பதை மட்டுமாவது படித்துக் காட்டும்படி நானே எழுதினால்தான் உண்டு. இத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலையைப் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து மூன்று வாரம் செய்தேன்.

எட்டுப் படங்களில் ஒன்றும் தேறவில்லை. கூரை, போர்வை, மருந்துச் சீட்டின் ஒரு மூலை, அவ்வளவுதான். ஒன்பதாவது, மேல்பாதி மட்டும் வந்தது. வெள்ளையாக ஒரு ஜன்னல், சுற்றிலும் ஒரே கறுப்பு. வெளிச்ச அளவில் என் கணக்கு தப்பாக இருந்தது. அதைச் சரிசெய்ததும் கறுப்பு மெல்ல விலகியது. மத்தியான வெயிலடிக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் ஒரு நாற்காலி. அதில் அக்கா! சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகப் பிளந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்தபடி வீட்டுக்காரர் எடுத்திருக்கிறார்.

நான் அழுதேவிட்டேன். கொஞ்சமாவது பாவம் தீர்ந்தது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை நாளும் நான் பொட்டுத் தூக்கம் தூங்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். பொண்ணுகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்,” என்றார். “அவரு வலியோட முழிச்சிட்டிருந்திருக்காரு. நான் தூங்கியிருக்கேன். ஒரு வாய் தண்ணி கேட்டாரோ என்னவோ.”

“அப்படி இல்லக்கா. பாசமா எடுத்திருப்பாருக்கா. நீங்க அசந்து தூங்கறதைப் பார்த்து எழுப்ப மனசு வந்திருக்காது,” என்று ஏதேதோ சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“மீதி படமெல்லாம் இருந்திருந்தா, வேற என்னென்னவோ பார்த்து மனசைத் தேத்திக்கிட்டிருப்பேன். இது ஒண்ணுதானே மிச்சம்? இதை மட்டும் எப்படி டீச்சர் பார்த்துட்டு இருக்கறது?”

படத்தை அழிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு நான் பார்க்கவில்லை. லைனிங் துணி ஒன்றால் மூடிவைத்திருக்கிறார். எனக்கு இன்றைக்கும் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார், அளவெல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் முன்னைப்போல உட்கார்ந்து பேசச் சொல்வதில்லை.

இப்போது அந்தப் புரோகிராமில், ‘இந்தப் படத்தைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. படம் நன்றாகவே இருக்கலாம், அழித்துவிடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறேன். அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை முன்பே செலவழிக்காத சோம்பலால், ஒரு மனுஷன் கடைசியாகக் கண்ணால் கண்டதையெல்லாம் அவர் பெண்டாட்டி கையாலேயே அழிக்க வைத்துவிட்டேனே என்று, எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.