ஒன்னி லாத்தெலாவின் பதினாலே கால் அங்குலம்

டாமரக் ஏரி மீன்பிடிச் சங்கத்தின் பதிவேட்டை முப்பத்தேழு ஆண்டுகளாக நான் எழுதிவருகிறேன். அதில் ஒன்னி லாத்தெலாவின் பெயர் நாற்பத்தோரு இடங்களில் வருகிறது. மீன் பிடித்ததற்காக வருவது இரண்டே இடத்தில். மீதி முப்பத்தொன்பதும் ஏரியின் பனிக்கட்டி எத்தனை அங்குலக் கனம் என்பதைப் பற்றியவை.

ஒன்னி இரும்புத் தாது ஏற்றும் துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவர். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்றதும், யாரும் கேட்காமலே, குளிர்காலத்தில் திங்கள்தோறும் ஏரியில் துளை போட்டுக் கனம் பார்க்கத் தொடங்கினார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மைத்துனர் ஆர்வோ தொலைபேசியில் கனம் என்ன என்று கேட்டார். "ஒம்பது" என்றார் ஒன்னி. ஆர்வோ நேரே பிக்கப் வண்டியை ஏரிக்குள் ஓட்டினார். வண்டி மூக்குக் குப்புற இறங்கியது. ஏணி வரும்வரை நாற்பது நிமிடம் அதன் கூரையில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி மே மாதம் வெளியே வந்தது.

"ஒம்பதுன்னு காதுல விழுந்தா எவனும் பயப்படுறதில்ல," என்றார் ஒன்னி. "ஒம்பது அங்குலத்த கண்ணால பாத்தாதான் பயம் வரும்."

அன்றிலிருந்து லெம்பி ஹர்யுவின் தூண்டில் இரைக் கடைச் சுவரில், இறைச்சி மடிக்கும் தாளில், வாரத்துக்கு ஒரு பட்டையாக வரைபடம் போட்டார். பனிக்கட்டி ஓர் அங்குலம் என்றால் தாளிலும் ஓர் அங்குலம். கூட்டவோ குறைக்கவோ இல்லை. வருகிறவர்கள் பட்டையின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏரிக்குப் போவார்கள். சங்க விதியிலும் அது ஏறியது: "ஏரியின் கனம் என்பது லெம்பி கடைச் சுவரில் உள்ள கனமே. வண்டி இறங்கப் பதினான்கு அங்குலம் வேண்டும்." எழுதியவன் நான். இன்றுவரை அதில் பிழை காணவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒன்னிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கோடு கோணியது. பழைய கணினி ஒன்றை வாங்கி, அதில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். குளிர் அவ்வளவாக இல்லாத ஆண்டு அது. வழக்கமாகச் சங்கத்தின் மீன்பிடிப் போட்டி நாளில் இருபது அங்குலத்துக்குக் குறையாத ஏரி, போட்டிக்கு முந்தைய திங்களன்று பதினாலே காலில் நின்றது. ஒன்னி கணக்கை ஏற்றி, இருபத்திரண்டு மைல் தள்ளி நூலகத்தில் இருந்த அகல அச்சுப்பொறியில் அடித்துக்கொண்டு வந்து மாட்டினார். ஆர்வோ அளவு நாடாவைக் கடைசிப் பட்டையின் மேல் வைத்தார்.

"மச்சான், பதிமூணே காலே அரைக்கால்தான் இருக்கு. மிச்சத்த வழியில தின்னுட்டியா?"

சங்கத் தலைவர் டேல் டெர்வோ வெளியூர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருந்தார். "ஒன்னிண்ணே, பக்கத்துல நம்பர் பதினாலே கால்னு சரியாத்தானே போட்டிருக்கு? அதப் படிச்சாப் போச்சு."

"பதினோரு வருஷமா நம்பரப் படிக்காதீங்க, கைய வைங்கன்னு சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு மட்டும் நம்பரப் படின்னா, நாளைக்கு எவன் கைய வைப்பான்?"

டேல் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். முப்பது பேர் பின்னால் போனோம். துளை போட்டு, குச்சி விட்டு அளந்தார். அச்சுப் பிசகாமல் பதினாலே கால். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதியைப் படித்துக் காட்டினேன். துளை சுவரில் இல்லை.

"துளையப் பேத்துக் கொண்டாந்து சுவர்ல மாட்டவா செக்ரட்டரி?" என்றார் டேல்.

"மாட்டுனா விதிப்படி செல்லும்," என்றேன்.

அன்று மாலைக் கூட்டத்தில் டேல் தீர்மானம் கொண்டுவந்தார். வெள்ளி நண்பகலுக்குள் வரைபடம் உண்மை அளவில் வராவிட்டால் அதை இறக்கிவிட்டு, எண் எழுதும் பலகையை நிரந்தரமாக மாட்டுவது. பதினேழுக்குப் பன்னிரண்டில் நிறைவேறியது. ஒன்னி கை தூக்கவில்லை. அந்தச் சுவரைத் தவிர அவருக்கு இந்த ஊரில் வேறு பிடிப்பு இல்லை என்பதை நான் அறிவேன். மனைவி போய் ஆறு ஆண்டாகியிருந்தது.

செவ்வாயன்று ஒன்னி குற்றவாளியைப் பிடித்தார். கணினித் திரையில், அச்சடிக்கும் பகுதியில் 'தாளுக்குள் அடக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதுதான் படத்தைச் சுருக்கியிருந்தது. அதை நீக்கிவிட்டு, சுழியத்திலிருந்து இருபது அங்குலம்வரை காட்டும் படம் என்பதால் படத்தின் உயரம் இருபது அங்குலம் என்று கொடுத்தார். புதனன்று மாட்டினார். பட்டை பதிமூன்றே அரைக்காலும், மேலே ஒரு வீசமும் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு). முன்னைவிடக் குட்டை.

"இன்னும் ரெண்டு தடவ அச்சடி மச்சான், கோடையே வந்துரும்," என்றார் ஆர்வோ.

ஒன்னி சுழியக் கோட்டிலிருந்து இருபதாம் கோடுவரை நாடாவைப் பிடித்தார். பதினெட்டரை. மேலே தலைப்பும் கீழே தேதிகளும் ஒன்றரை அங்குலத்தை விழுங்கியிருந்தன. இருபதைப் பதினெட்டரையால் வகுத்து, வந்ததைக் கொண்டு உயரத்தைப் பெருக்கினார். வியாழனன்று பட்டை பதினாலே காலுக்கு ஒரு வீசம் கூடுதலாக வந்தது.

"போதும்ணே. ஒரு வீசத்த யாரு பாக்கப் போறா?" என்றார் டேல்.

"இல்லாத பனிக்கட்டி மேல வண்டி நிக்காது டேலு," என்று தானே கிழித்தார் ஒன்னி.

வெள்ளி காலை கடையில் லெம்பி, உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் மாவுக்குள் வைத்துப் பேஸ்டி மடித்துக்கொண்டிருந்தார். ஒன்னி எதிரே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஒன்னி, படத்த பெரிசாக்குனப்ப அந்தத் தலைப்பு எழுத்தும் பெரிசாச்சா?" என்று கேட்டார் லெம்பி.

"இல்ல. அது அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் சேத்துப் பெருக்குற? நான் பேஸ்டிய எவ்வளவு பெரிசாப் போட்டாலும் ஓரம் ஒரு விரக்கடைதான் மடிக்கிறேன். ஓரத்தக் கூட்டிக்கோ, பெருக்காத."

ஒன்னி பேஸ்டியைத் தொடாமல் எழுந்து போனார். இருபதும் ஒன்றரையும் இருபத்தொன்றரை; அதையே படத்தின் உயரமாகக் கொடுத்தார். பதினொன்று நாற்பதுக்குத் திரும்பி வந்து மாட்டினார். ஆர்வோவின் நாடா, டேலின் நாடா, என் எஃகு அளவுகோல் ஆகிய மூன்றையும் வைத்தோம். மூன்றும் பதினாலே கால் என்றன. பதிந்தேன். "வண்டி போகலாம்," என்று டேல் அறிவித்தார்.

வரிசையாக வந்து கையை வைத்தார்கள். ஆர்வோ ஒரு சாண் போட்டார். மிச்சம் ஒரு சாண் தேறவில்லை. இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

"மச்சான், இது இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சரியா இருக்கு."

"சரியா இருக்கிறதுதான் வம்பே. நான் நடந்தே போறேன்."

சனிக்கிழமை அறுபத்து மூன்று பேர் சறுக்குப் பலகையில் சாமான்களைக் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். டேல் மட்டும், அறிவித்துவிட்ட காரணத்தால், வண்டியை ஓட்டினார். இரண்டு கதவும் திறந்திருந்தன. நடப்பவர்கள் அவரை முந்திப் போனார்கள். அவர் மனைவி நூறு அடி தள்ளி நடந்து வந்தார். வண்டி பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. இதையும் பதிந்திருக்கிறேன்.

கரையேறியதும் டேல் நேரே கடைக்கு வந்தார். மீன் எடை போடும் இடத்துக்குப் போகவில்லை. வரைபடத்தின் முன் நின்று, உள்ளங்கையைக் கடைசிப் பட்டையின் மேல் வைத்தவர், வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஒன்னிண்ணே, இத இன்னும் கொஞ்சம் பெரிசா அச்சடிக்க முடியாதா?"

"ஏரி பெரிசாக்கட்டும்," என்றார் ஒன்னி. "நானும் ஆக்குறேன்."