தலையணை வாப்பா

என் தம்பிக்கு முதலில் அறிமுகமான வாப்பா பஞ்சு அடைத்தவர். அசல் வாப்பா துபாயில் ஏசி பழுதுபார்க்கிற வேலையில் இருந்தார். தம்பி உம்மாவின் வயிற்றில் இருக்கும்போது போனவர், அவன் நடக்கப் பழகிய பிறகும் லீவு கிடைக்காமல் அங்கேயே இருந்தார். முகம் பார்த்துப் பேசுகிற கைப்பேசியெல்லாம் மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து சேராத காலம் அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தொலைபேசி அடிக்கும். எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்.

“பய என்னையப் பாத்தா வருவானா?”

“வராம எங்க போவான்?” என்பாள் உம்மா. ஃபோனை வைத்த பிறகு அவள் முகத்தில் அந்தத் தைரியம் இருக்காது. பக்கத்துத் தெருவில் சவூதியிலிருந்து வந்தவரைப் பார்த்து அவர் மகன் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டான், அவர் திரும்ப விமானம் ஏறிய பிறகுதான் வெளியே வந்தான் என்று ஒரு கதை ஊருக்குள் உலவியது. கதையில் பாதி பொய்யாக இருக்கலாம். மீதிப் பாதியே உம்மாவைப் பயமுறுத்தப் போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கம் இல்லை. தொழுகிற இடத்தில் மனித முகம் இருக்கக் கூடாது. சரி, ஆல்பத்தையாவது காட்டுவோம் என்று உம்மா தம்பியிடம் கொடுத்தாள். அவன் நிக்காஹ் படத்தில் வாப்பாவின் ஒரு காதைத் தின்றுவிட்டான்.

இந்த இடத்தில்தான் மாமா புகுந்தார். உம்மாவின் தம்பி. டவுன் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ வேண்டாம் என்று கழித்த பிரிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அவர் வீட்டில் இடமில்லாததால், எங்கள் வீட்டு நடு அறையில் வைத்திருந்தார். அது நல்ல மனநிலையில் இருந்தால் அச்சடிக்கும். இல்லாவிட்டால் தாளைச் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

“லாத்தா, மச்சானத் தலவாணி உறையில எறக்கிருதேன். கடிச்சாலும் கிழியாது” என்றார் உம்மாவிடம்.

வெள்ளைப் பருத்தித் துணியைத் தாள் அளவுக்கு வெட்டி, இஸ்திரி போட்டு, தடித்த தாளின்மேல் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, பிஸ்மி சொல்லி உள்ளே விட்டார். பிரிண்டர் முனகியது. முதலில் நெற்றி வந்தது. பிறகு புருவமும் அதை இரண்டாக வெட்டிய தழும்பும் வந்தன. சின்ன வயதில் ஆற்றில் குதித்துப் படித்துறைக் கல்லில் இடித்துக்கொண்ட தழும்பு அது. வாப்பா முழுதாக வெளியே வந்ததும் உம்மா துணியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்கே தைத்தும் முடித்தாள்.

மறுநாள் தம்பி எழுந்து வந்தபோது அவன் கன்னமெல்லாம் நீலம். இரவெல்லாம் விட்ட எச்சிலில் மை கரைந்து, வாப்பாவின் மீசை மகனுக்கு முளைத்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்த மாமி, வாப்பாவின் அக்கா, பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

மாமா சளைக்கவில்லை. மதுரைக்குப் போன நண்பரிடம் சொல்லி, துணியில் படம் ஒட்டுகிற தாள் வாங்கி வரச் செய்தார். படத்தைக் கழுத்துவரைக்கும் வெட்டி அந்தத் தாளில் அச்சடித்து, உறையின்மேல் கவிழ்த்து வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்து உரித்தார். இந்த வாப்பா எச்சிலுக்கும் அஞ்சவில்லை, சோப்புக்கும் அஞ்சவில்லை. ஆனால் மாமி விடவில்லை.

“தலவாணின்னாலும் மொகம் மொகந்தான். தொழுதப்ப உள்ள தூக்கி வச்சிரு” என்றாள்.

ஆகவே பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் உம்மா தலையணையைக் கொண்டுபோய்க் கண்ணாடி பதித்த பீரோவுக்குள் வைப்பாள். தொழுது முடித்ததும் வாப்பாவுக்கு விடுதலை. மற்ற நேரமெல்லாம் தம்பி அதன்மேல் படுத்துப் புரண்டான். “வாப்பாக்கு உவ்வா எங்க?” என்று கேட்டால் போதும், விரலைச் சரியாகத் தழும்பில் கொண்டுபோய் வைப்பான். நாங்கள் கைதட்டுவோம். வாப்பாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஒருவழியாக லீவு கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து வேன் வந்து நின்றது. பெட்டிகளைக்கூட இறக்காமல் வாப்பா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். தம்பி பைய நடந்து கிட்டே போனான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். வழக்கம்போல் விரலை எடுத்துப் புருவத்தில் வைத்தான். அங்கே ஒன்றும் இல்லை. தடவிப் பார்த்தான். பிறகு அலறிக்கொண்டு ஓடித் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வாப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. மாமி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. மாமா ஒருமுறை தலையணையைப் பார்த்தார், ஒருமுறை வாப்பாவைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை.

உம்மாதான் அசையாமல் யோசித்தாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பீரோக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். “இங்கன வந்து பக்கத்துல நில்லுங்க” என்று வாப்பாவைக் கூப்பிட்டாள். நின்றார். தம்பி விசும்பிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தான். விசும்பல் நின்றது. கண்ணாடிக்குள் இருந்தது அவனுடைய வாப்பாவேதான், தழும்பு தலையணையில் இருந்த அதே பக்கத்தில் இருந்தது. எட்டிக் கண்ணாடியைத் தொட்டான். பிறகு பக்கத்தில் திரும்பினான். வாப்பா குனிந்து கொடுத்தார். இந்தமுறை விரல் சரியான புருவத்துக்குப் போனது. அவர் தோளில் அவனாகவே தாவினான்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அந்தத் தாள்ல படத்தத் திருப்பிப் போட்டுல்லா அடிக்கணும்! மச்சானை எடவலமா மாத்தி ஒட்டிட்டேன்” என்றார். படம் கழுத்துக்குக் கீழேயும் இருந்திருந்தால், வலப்பக்கம் போன சட்டைப்பை காட்டிக்கொடுத்திருக்கும். வெறும் முகத்தில் யாருக்குமே தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாப்பா சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, இரண்டும் நடந்தது.

அச்சடித்த மாமாவுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். “பீரோவத் தொறந்து மூடுதவளுக்குத் தெரியாதா?” என்றாள். பத்து வயதில் எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

பீரோவைத் திறந்து மூட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இடவலம் மாறிக் கிடந்த அந்த முகம், கண்ணாடியில் காட்டினால்தான் நேராகும். மாமி வந்து “தொழுகைக்கு நேரமாவுதுட்டீ” என்று சத்தம் போடும்வரை உம்மா தலையணையும் கையுமாக அந்தக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். பிள்ளைக்கு வாப்பாவின் முகம் தெரிய வேண்டுமே என்று வீடே பாடுபட்டது. உம்மாவுக்கும் அந்த முகம் வேண்டியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.