நிமிர்ந்து கிடந்த பரிசல்

ஆரணியில் பரிசலா என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலம் வருவதற்கு முன்னால், ஆற்று நடுவிலிருக்கும் திட்டில் பரிசல் கட்டுகிறவர்கள் குடியிருந்தார்கள். ஆட்களும் நூல் மூட்டைகளும் அவர்கள் கட்டிய பரிசலில்தான் அக்கரை போயின. பாலம் வந்ததும் பிழைப்புத் தேடி எங்கேயோ போய்விட்டார்கள்.

அவர்கள் விட்டுப்போன இடத்தில் என் தம்பி ஒரு பரிசல் கட்டினான். பட்டு நெய்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை? செல்போனில் பார்த்துப் பார்த்து மூங்கிலை வளைத்துப் பின்னி, தார் பூசினான். தெருவே கேலி செய்தது. நானும்தான்.

ஒரு மழையில் ஆறு பெருகி, ஆடு மேய்க்கப் போன பெண் ஒருத்தி திட்டில் மாட்டிக்கொண்டாள். தம்பி பரிசலில் போய் அவளைக் கரை சேர்த்தான். "ஆடுங்க கத்திகினு இருக்குதுக்கா, ஜல்தியா வந்துடறேன்" என்று கரையில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பரிசல் மட்டும் வேலிகாத்தான் புதரில் சிக்கிக் கிடைத்தது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அம்மா கதறக் கதற அப்பா காரியத்தைச் செய்து முடித்தார். "போனவன் போய்ட்டான். அழுதுகினு கெடந்தா வந்துடுவானா?" என்றார். பரிசலைத் திட்டுக்கே கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டார். வாய் திறந்து கிடக்கும் பரிசல் ஆள் கேட்கும் என்பார்கள். அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு மணலில் நடந்து திட்டுக்குப் போவேன். ஒருமுறை பரிசல் நிமிர்ந்து கிடந்தது. யாரோ விளையாட்டாகச் செய்தது என்று கவிழ்த்துவிட்டு வந்தேன். அடுத்த அமாவாசையிலும் நிமிர்ந்தே கிடந்தது. அதைத் தொடாமலே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு தறியில் உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் தம்பி நிற்கிற மாதிரியே இருக்கும்.

போன ஐப்பசியில் விடாத தூறல். அது கொஞ்சம் நின்ற நேரத்தில், ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் என்பதால் போனேன். பரிசல் நிமிர்ந்திருந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தனை மழைக்கும், துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பின்னால் இருமல் கேட்டது. அப்பா. ஒரு கையில் பிளாஸ்டிக் மக், மறுகையில் நனைந்த துண்டு.

"நீங்கதான் நிமித்தி வெக்கிறீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் துண்டைப் பிழிந்தார்.

"மழ உடமாட்டேங்குதும்மா. தண்ணி நின்னுகினு இருந்தா அவன் எப்டி உக்காருவான்?"

தூறல் மறுபடியும் பிடித்தது. அவர் கையிலிருந்த மக்கை நான் வாங்கிக்கொண்டேன்.