நைனாவின் ரோஷமும் என் பாஸ்போர்ட்டின் கெடுவும்

நான் கப்பல் ஏறும்போது எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து, வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்து பார்த்தால் அது ஆந்திராவில் இருந்தது. ஊர் ஒன்றும் இடம் பெயரவில்லை. புத்தூரிலிருந்து வரும் அதே மண் ரோடு, அதே ஏரிக்கரை, அதே வேர்க்கடலைக் கொல்லை. கடல் தாண்டிப் போய் வந்தவள் நான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என்னை விசாரிப்பதை விட்டுவிட்டு ஊருக்கு நேர்ந்த கதையையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதில் முதல் ஆள் எங்கள் நைனா, அதாவது என் அப்பா. சித்தூர் ஜில்லாவில் தமிழ் பேசுகிற ஊர்களைச் சென்னையோடு சேர்க்கணும் என்று அப்போது பெரிய கிளர்ச்சி. நைனா அதில் முழுசாக இறங்கிவிட்டார். மறியலுக்குப் போய் ஒரு பகல் முழுக்க போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்த கையோடு ஒரு சபதம் வேறு. எல்லைக்கு ஒரு முடிவு வருகிற வரைக்கும் சித்தூரில் எந்த ஆபீஸ் படியையும் மிதிக்க மாட்டார். ஆபீஸ்காரன் முன்னால் தெலுங்கு பேச மாட்டார். எந்தக் காகிதத்திலும் ஆந்திரா என்று எழுத மாட்டார். மாட்டுச் சந்தையில் மட்டும் தெலுங்கு தண்ணி மாதிரி ஓடும். மாட்டுக்காரன் ஆபீஸ்காரன் இல்லையாம். சரி, நிலத்தீர்வை? அதைச் சித்தப்பா கையில் கொடுத்துக் கட்டச் சொல்லிவிடுவார். ரோஷம் வேறு, ஜப்தி வேறு.

அவர் ரோஷம் அவரோடு, நமக்கென்ன என்றுதான் நான் இருந்தேன். என் கவலை எனக்கு. வீட்டுக்காரர் மலேயாவில், ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆகட்டும் என்று என்னைக் கப்பல் ஏற்றிவிட்டவர் அவர்தான். பையன் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இரண்டு பல்லும் முளைத்துவிட்டது. பெற்ற அப்பன் இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. லெட்டருக்கு லெட்டர் ‘எப்போது கிளம்புகிறாய்’ என்று ஒரே கேள்வி.

கிளம்புவது என் கையிலா இருந்தது? மலேயாவுக்குள் திரும்பி நுழைய எனக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு கெடு. கெடு தாண்டினால் பெண்டாட்டியாவது பிள்ளையாவது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே வெளியாட்களை விடுவதில் கெடுபிடி ஏறிக்கொண்டே போன காலம். பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு கெடு. அப்போது பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். முடிவதற்கு முன்னால் பீஸ் கட்டி எழுதிக் கொடுத்தால் அதே புத்தகத்தில் இன்னும் ஐந்து வருஷம் நீட்டி முத்திரை குத்துவார்கள். அதுவும் முடிந்தால் புத்தகமே புதுசாக வாங்கணும். கைப்பிள்ளைக்குத் தனியாக வேண்டாம், தாயின் புத்தகத்தில் பெயரைச் சேர்த்தால் போதும். கப்பல் ஏஜெண்ட்டோ, நாலைந்து மாசமாவது மீதி இல்லாத பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நைனாதான் முன்வந்தார். மெட்ராஸ் போவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ரயிலேறிப் போய் விண்ணப்பம் வாங்கி வந்து, உறவில் ஒரு வாத்தியாரை உட்கார வைத்து இங்கிலீஷில் நிரப்பச் சொன்னார். விலாசம் வந்தது. ஊர், தாலுக்கா, சித்தூர் ஜில்லா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ‘சென்னை ராஜ்யம்’ என்று முடித்தார். வாத்தியார் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போது அப்படி இல்லையே நைனா என்றேன். பாஸ்போர்ட்டைப் பிரித்து என் மூக்குக்கு நேரே காட்டினார். நான் முதல் தடவை போனபோது போட்ட விலாசம், சென்னை என்றுதான் இருந்தது. கவர்மெண்ட்டே போட்டிருக்கிறது, அதை மாற்ற நீ யார், நான் யார் என்றார்.

போன விண்ணப்பம் ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. விலாசத்தைச் சரியாக எழுதி, உங்கள் ஜில்லா மூலமாக விசாரணை முடித்து அனுப்பவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நைனா விடுவாரா? எங்கள் ஊர் ஏன் சென்னையைச் சேர்ந்தது என்று முழுப் பக்கத்துக்குச் சரித்திரம் எழுதிச் சேர்த்து, அதே விலாசத்தோடு மறுபடியும் அனுப்பினார். சரித்திரமும் சேர்ந்து திரும்பி வந்தது. பீஸ் என்னவோ பெரிய தொகை இல்லை. ரயில் சார்ஜ், போட்டோ, ரிஜிஸ்தர் தபால் என்று நைனாவின் ரோஷத்துக்கு ஆன செலவுதான் ஜாஸ்தி. அந்தப் பணத்தில் நான் பாதிக் கடல் தாண்டியிருப்பேன்.

இன்னும் கொஞ்ச நாள் பொறு, எல்லைக்குத் தீர்ப்பு வந்துவிடும், அப்புறம் மெட்ராசிலேயே ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம்.

“எல்லை வர்ற வரிக்கும் கப்பல் நிக்குமா, நைனா?”

அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்த வழி ஏழுமலையான்தான். பையனுக்கு முதல் முடி இறக்கத் திருப்பதி போனோம். பாஸ்போர்ட் கைக்கு வந்தால் என் முடியையும் கொடுத்துவிடுகிறேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். மலையிறங்கி வரும்போதுதான் சுரீர் என்றது. பாஸ்போர்ட்டில் இத்தனை நீளப் பின்னலோடு நிற்கிறேன். மொட்டைத் தலையோடு துறைமுகத்தில் போய் நின்றால் இது நீ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால்? சாமி, இந்தத் தடவை நான் போய்ச் சேர்ந்துவிடுகிறேன், அடுத்த தடவை வரும்போது முடியைக் கட்டாயம் கொடுக்கிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தவணை கேட்டுக்கொண்டேன்.

சாமியிடம் தவணை கேட்கலாம், மலேயாக்காரனிடம் கேட்க முடியாது. ஒரு நாள் காலையில் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, சித்தூருக்கு பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகத் தெலுங்கில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், ராஷ்ட்ரம், அதாவது ராஜ்யம், எது என்று கேட்டார். ஆந்திரா என்று சொல்லிவிட்டு, நைனா பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பத்து மைல் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. உள்ளே மனுவை வாங்கிக்கொண்டவர்கள், விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும், அது நல்லபடியாக முடிந்தால் மெட்ராசுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சொல்வதற்குள் ஏட்டு வந்துவிட்டார். வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நைனா அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியவர் யார் என்கிறீர்கள்? மறியலன்று ஸ்டேஷனில் நைனாவின் பெயரை எழுதிக்கொண்ட அதே ஏட்டு.

அவர் காகிதத்தைப் பிரித்துத் தெலுங்கில் கேட்டார். இந்தப் பெண் உங்கள் மகள்தானா, இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாளா, இந்த ஊர் ஆந்திரா சித்தூர் ஜில்லாதானே, ஆமென்றால் அப்பா என்ற முறையில் ஒரு கையெழுத்துப் போடணும். போடாவிட்டால் காகிதம் அங்கேயே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரியும். அவர் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டு, ஒன்றும் புரியாதவர் மாதிரி நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். சித்தூருக்குப் போனது இவள்தான் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டுவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் தவழ்ந்து போய் கடலைக் குவியலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். நைனா குனிந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தமிழில் சொன்னார்.

“இவ என் பொண்ணு. இது என் வூடு. இவ இங்கதான் கீறா. இந்த ஊரு எங்க கீதுன்னு நீங்களே எழுதிக்குங்க.”

ஏட்டுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. தானே எழுதிக்கொண்டு பேனாவை நீட்டினார். நைனா தமிழில் கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தில் காகிதம் லேசாகக் கிழிந்தது. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு ஏட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நைனா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எதுவானாலும் என் பையனிடம்தான். “டேய், உங்கம்மாவை வந்து துன்னச் சொல்லு” என்பார், இன்னும் பேச்சு வராத பிள்ளையிடம். நானும் சளைத்தவளா? “உங்க தாத்தாவுக்குக் கை கழுவத் தண்ணி வெச்சிகீறேன்னு சொல்லு” என்பேன். அம்மா இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள்.

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று நான் அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடினேன். இன்னும் ஐந்து வருஷம், பையன் பெயரும் சேர்ந்திருக்கிறது. சந்தோஷத்தில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. நைனா அதை வாங்கி, முத்திரை இருந்த பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையன் கையில் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னார். அவன் அதைக் கடிக்கப் பார்த்தான்.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு நைனாவும் வந்தார். அதற்கு மேல் விட மாட்டோம் என்று சொன்ன இடம் வரைக்கும் பையனை இறக்கவே இல்லை. என் கையில் கொடுக்கும்போதுதான், அத்தனை வாரத்துக்கு அப்புறம், என்னைப் பார்த்துப் பேசினார்.

“அஞ்சு வருஷம்தானே?”

“அஞ்சு வருஷம்தான், நைனா.”

அவர் எதைக் கேட்டார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பாஸ்போர்ட்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனேன். கெடு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தேன். ஈப்போவில் ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் பிள்ளையை வாங்கி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவன் அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டான்.

எல்லை முடிவானபோது நான் மலேயாவில் இருந்தேன். திருத்தணிப் பக்கம் சென்னைக்குப் போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. பேப்பரில் படித்ததும் எனக்கு நைனா முகம்தான் கண்ணுக்கு வந்தது. பாவம், மனுஷன் எப்படித் தாங்கினாரோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், மூன்றாம் நாள் எழுந்து ஏர் ஓட்டப் போய்விட்டார் என்று பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது.

பாஸ்போர்ட்டின் பத்து வருஷமும் முடியப் போகிற சமயத்தில் ஊருக்கு வந்தேன், பையனோடும் கைப்பிள்ளையாக இன்னொரு பெண்ணோடும். புத்தூர் ஸ்டேஷனில் நைனா நின்றிருந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது. காலைத் தொட்டுக் கும்பிட்டேன். நல்லா இருக்கியா, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பில், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றார். இன்னும் ஆறு மாசம் இருக்கிறது, முதலில் மலைக்குப் போய் வேண்டுதலை முடிக்கணும் என்றேன்.

“அதெல்லாம் அப்புறம். மொட்டை அட்ச்சினு வந்து போட்டோவுக்கு நிக்காத” என்றார்.

மறுநாளே என்னைச் சித்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் பாட்டுக்கு முன்னால் நடந்தார். எந்த ஆபீஸ் படியையும் மிதிக்க மாட்டேன் என்றவர், எந்தப் படி, எந்த அறை, எந்த மேஜை என்று கேட்காமல் போனார். முந்தின வாரமே வந்து எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார், புதுப் புத்தகத்துக்குப் பீஸ் எவ்வளவு, போட்டோ எந்த அளவு என்பது உட்பட. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பதில் சொன்னார். தெலுங்கில். ஊர், புத்தூர் தாலுக்கா, சித்தூர் ஜில்லா, ஆந்திர பிரதேஷ். ஒரு எழுத்து தடுக்கவில்லை. அதோடு நிறுத்தவும் இல்லை.

“ஈமெ மா அம்மாயி. மள்ளீ ராவால.”

இவள் எங்கள் பெண், திரும்பவும் வரணும் என்றார். நான் திரும்பிப் போவதற்காகப் பாஸ்போர்ட் கேட்டு அத்தனை சண்டை போட்டவள். இந்த மனுஷன் ஐந்து வருஷமாக அதே பாஸ்போர்ட்டின் கெடுவை நான் வரப்போகிற தேதியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மேஜை முன்னால் நின்றபடியே அழுதுவிட்டேன். குமாஸ்தா பாவம், பேனாவை வைத்துவிட்டு விழித்தார்.

நைனா என் இடுப்பிலிருந்த பெண்ணை வாங்கிக்கொண்டார்.

“போய் மூஞ்சக் கழுவினு வா. போட்டோ எடுக்கணும்.”