கஸ்பார் வீட்டுக் கொடியின் மடித்த மூலை

ஆயிரம் யானைகளைக் களத்தில் வீழ்த்திய வீரனுக்குப் பரணி பாடுவது பழந்தமிழ் மரபு. அந்த அளவுகோலை எடுத்தால், மலாயாவின் கிந்தா வட்டாரத் தோட்டத் துரைமார் தொண்டர் படைக்கு ஒற்றை வெண்பாகூடத் தேறாது. ரப்பர்த் தோட்டத்து மேலாளர்கள் கூடி அமைத்த அப்படை சனிக்கிழமைதோறும் அணிவகுத்தது; மன்னர் முடிசூடிய நாளில் வானத்தை நோக்கிச் சுட்டது; ஒருமுறை, கூலி உயர்வு கேட்டு நின்ற பால்மரத் தொழிலாளர்களைத் துப்பாக்கி காட்டி லயத்து வீடுகளுக்குத் திருப்பி அனுப்பியது. அதன் வெற்றிகள் அவ்வளவே. 1941 டிசம்பரில், ஜப்பானியர் வடக்கே பாரிட் புந்தாரை நெருங்கிவிட்டனர் என்று கேள்விப்பட்டதும், அது மிகுந்த ஒழுங்குடன் தெற்கு நோக்கி விரைந்தது.

ஆயினும் அதற்கொரு கொடி இருந்தது. மஞ்சள் பட்டு, நடுவில் சிறகு விரித்த இருவாய்ச்சிப் பறவை, ஓரமெங்கும் பொற்சரிகை. 1978ஆம் ஆண்டில் அக்கொடி ஈப்போ புந்தோங்கில் கஸ்பாரின் வீட்டுக் கூடத்தில், திருக்குடும்பப் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பறவை மட்டும் தெரியுமாறு மடிக்கப்பட்டு வீற்றிருந்தது.

கஸ்பார் ஒரு வங்கியின் வாயிற்காவலர். அவருடைய காக்கிச் சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் கீறிவிடும் என்பார்கள். “இரத்தத்துல ஊறுனது லா. அவங்க அப்பா பட்டாளத்துக்காரரு,” என்று வங்கியில் பேசிக்கொள்வார்கள். அந்த மடிப்பு உண்மையாகவே பரம்பரைச் சொத்துதான். ஆனால் பட்டாளத்துச் சொத்து அன்று. அவருடைய தந்தை லூர்துசாமி அப்படையின் முகாமில் இருந்தார் என்பதில் ஐயமில்லை. அங்கே அவர் துரைமாரின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

கஸ்பார் பொய் சொன்னதில்லை. பிறர் சொன்னதைத் திருத்தாமல் இருந்தார்; அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு ஊர் தந்த பரிசு பெரிது. பங்குத் திருவிழாவில் மாதா தேருக்கு முன்னே, சட்டமிட்ட கொடியை நெஞ்சோடு ஏந்தி முதல் ஆளாக நடக்கும் உரிமை அவருக்கே. லயத்தில் பிறந்து, டோபி மகன் என்று தள்ளி நிறுத்தப்பட்டு வளர்ந்த மனிதருக்கு அந்த ஒரு தெரு நடையே வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

அந்த முதலிடத்தின்மேல் கண் வைத்திருந்தவர் அடுத்த வீட்டு மத்தியாஸ். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“ராஜா நான்தான்னு சொன்ன பேஷண்டுங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன் மச்சான்,” என்பார். “ஒருத்தன்கூட ஒன்னை மாதிரி கொடி வச்சிருக்கலை.”

அந்த ஆண்டு திருவிழாவுக்குச் சில நாள் முன்னர், மத்தியாஸ் தம் காரில் ஒரு வெள்ளைக்காரரை ஏற்றி வந்தார். பென்ரோஸ் துரை, தொண்டர் படையில் இளம் அதிகாரியாக இருந்தவர், அதன் வரலாற்றை நூலாக எழுதியவர், பழைய இடங்களைப் பார்க்க ஈப்போவுக்கு வந்திருந்தார். தோட்டத்தில் கற்ற தமிழை அவர் மறக்கவில்லை. மரியாதை விகுதிகளை மட்டும் அந்நாளிலேயே கற்கவில்லை.

துரை கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார். “இது வேற கொடி. நம்ம கொடி பேராக் ஆத்துல போச்சு. கொடிக்காரன் குண்டடி பட்டு, கல்லு கட்டி, தண்ணியில போட்டான். நான் புஸ்தகத்துல எழுதியிருக்கு.”

“கேட்டியா மச்சான்?” மத்தியாஸ் மெல்லச் சிரித்தார். “அப்ப இது எந்த பசார் மாலாம் ராத்திரிக் கடையில வாங்குனது? தேருக்கு முன்னால யாரு போறதுன்னு இன்னிக்கே பங்குச் சாமியார்கிட்ட பேசிருவோம்.”

கஸ்பார் அடுக்களைப் பக்கம் திரும்பினார். கதவோரம் நின்ற மனைவி குழந்தையம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அந்த மூலையப் பிரிச்சுக் காட்டுங்க. கள்ளக் கொடி வச்சிருக்கான்னு பேரு வாங்குறதுக்கு, டோபி மகன்னு பேரு வாங்கலாம்.”

கஸ்பார் சட்டத்தைக் கழற்றிக் குப்புற வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். கீழ் மூலையைத் தனியே உள்ளே மடித்தவர் அவரேதான். அன்றிலிருந்து அதை ஒருவரும் பார்த்ததில்லை. பிரித்தார். மஞ்சள் பட்டில், சேங்கொட்டைச் சாற்றால் இட்ட மூன்று கோடும் அடியில் ஒரு புள்ளியும் கன்னங்கரேலென்று கிடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத லூர்துசாமி, யார் துணி எது என்று அறிய ஆளுக்கொரு குறி வைத்திருந்தார். எத்தனை வெளுப்புக்கும் போகாத குறி அது.

“என்னா இது?” என்றார் மத்தியாஸ்.

“எங்க அப்பா…” என்று கஸ்பார் தொடங்கினார். ஆனால் துரையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நான்கு ஆண்டுகள் அவருடைய சட்டைக் கழுத்துப் பட்டி ஒவ்வொன்றிலும் இருந்த குறி அதுவே.

“இது படையோட ரகசிய அடையாளம்,” என்றார் துரை அவசரமாக. “கொடி அசல். இவன் அப்பா பெரிய வீரன். நீ போ, காரை எடு.”

மத்தியாஸ் காரை எடுக்க வெளியேறினார். அதன் பின்னரே துரை அமர்ந்தார்.

“மெஸ்ஸுல விருந்து. நான் நிறைய குடிச்சது. ஒயின் எல்லாம் பறவை மேல. கர்னல் பாத்தா என் வேலை போகும். என் சட்டைக்குள்ள சுத்தி லூர்துசாமிகிட்ட குடுத்தேன். புதன்கிழமை தாரேன்னு சொன்னான்.”

“புதன்கிழமை அப்பா கொண்டாந்தாரு, துரை,” என்றார் கஸ்பார். “முகாம்ல ஒருத்தரும் இல்ல.”

பேராக் ஆற்றில் மூழ்கிய கொடியும், கல்லைக் கட்டிய வீரனும், ஒரு கோப்பை ஒயினில் பிறந்த காவியம் என்பது இவ்வாறு விளங்கிற்று. துரை பறவையின் சிறகைத் தடவிப் பார்த்தார். கறையின் சுவடுகூட இல்லை.

கொடியை இலண்டனுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டார். கஸ்பார் மறுக்கவில்லை. துவைக்கப் போட்ட துணியைக் கொடுத்தவர் வந்து கேட்டால் தந்துவிட வேண்டும் என்பதே தந்தை சாகும்போதும் சொன்ன தொழில் நெறி. ஆனால் துரை அடுத்துக் கேட்டது கத்தரிக்கோல்.

“இந்த மூலை வேணாம். அங்க பாக்கிறவன் கேள்வி கேக்கும்.”

இத்தனை ஆண்டுகளாகக் கஸ்பார் மடித்து மறைத்த மூலைதான் அது. ஆயினும் பட்டின்மீது கத்தரி படுவதை அவரால் பார்க்க இயலவில்லை. தந்தையின் கையிலேயே விழுவதுபோல் இருந்தது.

“வெட்டுன துண்ட இங்க வச்சிட்டுப் போங்க, துரை,” என்றார். அவர் குரல் காவலரின் குரலாக இருந்தது. துரை வைத்துவிட்டுப் போனார்.

திருவிழா மாலையில் கஸ்பார் அந்தச் சிறு மஞ்சள் துண்டைக் கண்ணாடிக்குள் இட்டு, நெஞ்சில் ஏந்தி வந்து நின்றார். கூட்டம் கூடியது. இனி மௌனம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

“எங்க அப்பா பட்டாளத்துக்காரர் இல்ல,” என்றார் மத்தியாஸிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. “டோபி. இது அவரு போட்ட டோபிக் குறி.”

மத்தியாஸ் தலையை அசைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“துரையே என் காதுபட சொன்னாரு, ரகசிய அடையாளம்னு. நீ வெளியில சொல்லக்கூடாதுல்ல. புரியுது மச்சான்.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? பெரிய குடும்பத்துக்காரங்க இப்படித்தான் தன்னைத் தாழ்த்திப் பேசுவாங்க. வழி விடுங்க லா.”

கஸ்பார் மறுபடியும் வாய் திறப்பதற்குள் மணி ஒலித்தது. தேர் நகர்ந்தது. மத்தியாஸ் இரண்டாம் ஆளாகப் பின்னே வர, கஸ்பார் மூன்று கோடுகளையும் ஒரு புள்ளியையும் ஏந்தி முன்னே நடந்தார். சட்டையின் மடிப்பு தெருவிளக்கில் கத்திபோல் மின்னியது. ஓரமாய் நின்றிருந்த குழந்தையம்மாள் மட்டும் சிரிப்பு வெளியே தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.