முதல் ஆடியில் நான் தேடிய கிளப்பு

திருமணமான முதல் ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கணவன் தன் ஊரில் இருக்க வேண்டும். ஆடி பதினெட்டுக்கு மாமனார் வீட்டார் அழைத்தால் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம். பட்டம் பெற்று, கிராம சேவையில் இறங்கி, இத்தகைய வழக்கங்களின் நன்மை தீமைகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவன் நான். ஆனால் அந்த ஆடியில் என் மனத்தை ஆட்டிய கேள்வி சமூகத்தைப் பற்றியதன்று. என் மனைவியின் மாமன் மகன் அவள் தாய்வீடு இருந்த அதே மலையில், இரண்டு ஊர் தள்ளி இருந்தான்.

என் மாமனார் அடிவாரத்துக்காரர்தாம்; கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் நிலம் வாங்கி, மிளகுக்கொடி ஏற்றி, அங்கேயே தங்கிவிட்டவர். அவர் மனைவியின் அண்ணன் மகனுக்குத்தான் பெண் என்று வீட்டில் வெகுகாலம் பேச்சு இருந்திருக்கிறது. என் பட்டம் குறுக்கே வந்து அந்தப் பேச்சை மாற்றியது. உறவுமுறைப்படி அவன் எனக்குத் தம்பியாக வேண்டும். அந்த முறையை வகுத்தவர்கள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடி பதினேழு மாலை மலையேறி மாமனார் வீட்டை அடைந்தேன். என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வாங்க" என்றாள். சற்றுச் சதை பிடித்து, முகம் தெளிந்திருந்தாள். என்னைப் பிரிந்திருந்த நாட்களில் அவள் கொஞ்சமாவது இளைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று சாப்பிடும்போது மறுநாள் ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போகும் பேச்சு வந்தது. ஆடி பதினெட்டையொட்டி மூன்று நாளைக்குக் கோயில் வீதியில் ஒரு பட்டணமே முளைத்துவிடும். ராசிபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் சாமான்களைத் தலைச்சுமையாக ஏற்றிவந்து காப்பி கிளப்பு என்ற சாப்பாட்டுக் கடைகளைப் போடுவார்கள். காஸ் விளக்கு, கிராமபோன், ராட்டினம், வளையல் கடை என்று பொழுது சாய்ந்தபின்தான் வீதி களைகட்டும். புது மாப்பிள்ளை அங்கே பெண்வீட்டாரைக் கிளப்புக்கு அழைத்துப் போய் விருந்து வைக்க வேண்டும். எந்தக் கிளப்பு என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். அவன் கையும் மனமும் எப்படிப்பட்டவை என்று வருஷம் முழுவதும் அதை வைத்தே பேசுவார்கள்.

நான் அந்தப் பொறுப்பைக் கொள்கையோடு ஏற்றேன். மலைக்குடியானவர்களைத் தட்டிக்கு வெளியே குந்தவைத்து, கையில் இலையைக் கொடுக்கும் கிளப்பில் காலடி வைக்கமாட்டேன் என்றேன். வந்தவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். ஆற்றில் ஆயிரம் பேர் குளிக்கிற நாளில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்தால் வாந்திபேதி அடிவாரம் வரைக்கும் இறங்கும். ஆகவே காய்ச்சிய நீர் கட்டாயம். வெகுநேரம் பேசினேன். மாமனார் தலையசைத்தார். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தங்கை மட்டும், "பசிக்குமுன்னாடி இதெல்லாம் பாத்து முடிச்சிருவீங்களா மாமா?" என்று கேட்டாள்.

மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டு வீதிக்கு வந்தபோது விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். மாமனார், மனைவி, அவள் தங்கை மூவரும் என் பின்னே வந்தார்கள்.

முதல் கிளப்பு மிகப் பெரியது. வாசலில் ஆளுயரக் கண்ணாடி. உள்ளே பெஞ்சும் மேஜையும். கிராமபோனில் ஒரு பெண்குரல் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தென்னந்தட்டி. அதற்கப்பால் மலைக்காரர் ஏழெட்டுப் பேர் குந்தியிருக்க, ஒருவன் எட்ட நின்று சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது வேண்டாம்" என்றேன். கொள்கைக்குக் கிடைத்த முதல் வெற்றி.

இரண்டாவது கிளப்பில் தட்டி இல்லை. ஆனால் குளிக்கும் துறைக்குக் கீழிருந்து குடத்தில் மொண்டுவந்த தண்ணீரை அப்படியே தம்ளரில் ஊற்றினார்கள். அதையும் விட்டேன்.

"மாமா, கடைசில இன்னொண்ணு இருக்குதுங்க" என்றாள் மைத்துனி. அவள் குரலில் இருந்த குறும்பு எனக்குப் பிடிபடவில்லை. அங்கே போய் நின்றபின்தான் பிடிபட்டது. அடுப்புக்கு முன்னால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பணியாரம் குத்தி எடுத்துக்கொண்டிருந்தவன் அந்த மாமன் மகன்.

"மச்சான்!" என்றாள் என் மனைவி.

இரண்டு மாதமாக அவள் என்னை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். உறவுக்கு ஏற்ற சொல் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'மச்சான்' என்ற சொல்லில் ஓர் ஓட்டம் இருந்தது. கதவைத் தட்டாமல் உள்ளே போகிற வீட்டில் இருக்குமே, அந்த ஓட்டம்.

"வாங்கண்ணா, வாங்க" என்று அவன் எழுந்தான். "ஏ புள்ள, உம்பட ஊட்டுக்காரர நிக்கவெச்சுட்டுச் சிரிக்கற?"

நான் கிளப்பைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்றேன். "பாருங்கண்ணா" என்றான். பின்பக்கம் போனேன். பெரிய செப்புப் பாத்திரத்தில் சீரகம் போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இலைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். எச்சிலை போட ஒதுக்கமாகக் குழி தோண்டி, மேலே மண் தள்ளியிருந்தது. முன்பக்கம் நீளமாக ஒரே பாய். அதில் அரியூர் நாட்டு மலைக்குடியானவர் ஒருவரும், சேலத்து வளையல் செட்டியாரும் தோளோடு தோள் உட்கார்ந்து சாமைச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஈயாவது இருக்காதா என்று பார்த்தேன். அடுப்புப் புகையில் அதுவும் இல்லை.

மாமனாரைத் தனியே அழைத்தேன். "முதல் கிளப்பைப் பற்றி நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. அங்கேயே சாப்பிட்டு, முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால், நாளைக்கு அந்தத் தட்டியை அவரே எடுத்துவிடலாம். விலகிப் போவதைவிட அதுவே அதிகப் பயன் தரும்."

"நேத்து நீங்க அப்படிச் சொல்லலீங்களே மாப்பிள்ளை."

வேறு வழியின்றிப் பாயில் உட்கார்ந்தேன். அவனே பரிமாறினான். என்னிடம், "உங்களுக்கு என்ன புடிக்குமுங்கண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டான். மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. மொச்சைக் குழம்பில் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு அவளுக்கு ஊற்றினான். ரசம் கொண்டுவந்தபோது அவள் கையைக் குவிக்கும் முன்பே கரண்டியைச் சாய்த்தான். கை சரியான நேரத்தில் அங்கே வந்தது. அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதை நான் அந்த இடத்தில்தான் அறிந்தேன். என் வீட்டில் இரண்டு மாதமாக அவள் அதை மௌனமாகத் தின்றிருக்கிறாள்.

சோறு அருமையாக இருந்தது. அதுவும் எனக்கு வேதனையாகவே இருந்தது.

"இத்தனை கிளப்பு இருக்கறப்ப இங்க வந்தீங்களே, சந்தோசமுங்கண்ணா" என்றான் அவன்.

"ஒரே வரிசையில உக்கார்ற எடந்தான் வேணும்னு மாமா நேத்தே சட்டம் போட்டுட்டாரு" என்றாள் மைத்துனி.

அவன் சிரித்தான். "அப்படீங்களா? அது என்ற யோசனையே இல்லீங்கண்ணா. இவதான் போன வருசம் இதே வீதில நின்னு சொன்னா. 'கிளப்பு வெச்சா ஒரே பாயா விரி மச்சான், தட்டி கட்டுனா நான் வரமாட்டேன்'னு. தண்ணி காச்சறதும் இவ சொன்னதுதானுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை அவன்மீது நான் பொறாமைப்பட்டது அவனுடைய உரிமைக்காக, அந்த அழைப்புச் சொல்லுக்காக, கத்தரிக்காய்க்காக. இப்போது அவையெல்லாம் சிறியனவாகிவிட்டன. அவள் மனத்தில் தோன்றியதை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அதே எண்ணத்தை நான் முந்தின நாள் அவளுக்கு உபதேசமாக வழங்கியபோது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மாமனாரும் மைத்துனியும் பந்தம் பிடித்து முன்னே போனார்கள். ஆடி மாதத்தில் எங்கள் இருவருக்கும் கிடைத்த தனிமை அந்தக் காட்டுப்பாதைதான்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"எதைங்க?"

"ஒரே பாய். வெந்நீர். கத்தரிக்காய்."

"நீங்க கேக்கவே இல்லீங்களே. சொல்லீட்டே இருந்தீங்க."

"அவன் கேட்டானா?"

"கேட்டாங்க."

அந்தப் பதிலில் கோபமோ சமாதானமோ இல்லை, நடந்ததைச் சொன்னாள். முன்னே போன பந்தம் ஒரு திருப்பத்தில் மறைந்து மறுபடி தெரிந்தது. நான் வாழ்க்கையில் முதல்முறையாக, என் கருத்தை முன்னால் வைக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"நாளைக்கு எங்கே சாப்பிடலாம்?"

அவள் நின்றாள். "நெசமாவா கேக்கறீங்க?"

"ஆமாம்."

"அந்தக் கண்ணாடி வெச்ச பெரிய கிளப்புக்கே போலாமுங்க. உள்ள வேண்டாம். தட்டிக்கு வெளிய, அவங்களோட உக்காந்துக்கலாம். பட்டம் படிச்சவரு வெளிய குந்தியிருந்தா மொதலாளி என்ன பண்ணுவாருன்னு பாக்கலாம்."

அது எனக்குத் தோன்றாத யோசனை. நான் முதலாளியிடம் பக்குவமாகப் பேசுவதாகச் சொன்னதைவிடப் பல மடங்கு நல்லது. அதனால் உண்டாகக்கூடிய விளைவுகளை எடைபோட ஆரம்பித்தேன். ஆனால் எடைபோட்டு முடிக்குமுன் வேறொரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

"இதை உன் மச்சானிடம் சொன்னாயா?"

"இல்லீங்க. இப்பத்தான் தோணுச்சு."

மறுநாள் தட்டிக்கு வெளியே மலைக்காரர்களுக்கு நடுவில் குந்தி, இலையைக் கையில் வாங்கினோம். ஒரு பெரியவர் எங்களுக்கு இடம்விட்டு நகர்ந்து, "ஏஞ் சாமி, உள்ள எடமில்லீங்களா?" என்று கேட்டார். "இருக்குதுங்க அப்புச்சி" என்றாள் அவள். முதலாளி ஓடிவந்து, "ஐயா, உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று கைகளைப் பிசைந்தார். "இவர்கள் வந்தால் வருகிறோம்" என்றேன். அவர் தட்டியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார். என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சிரித்தாள்.

நான் இலையிலிருந்து தலையைத் தூக்கி, வீதிக்கோடியில் இருந்த அந்தக் கடைசிக் கிளப்பைப் பார்த்தேன். அவன் அடுப்படியில் நின்று எங்கள் பக்கம் பார்த்தான். அவள் சிரித்ததைப் பார்த்தான் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.