ராக்கெட் பெட்டி ஓரத்தில் அரையும் காலும்

இன்று காலை எங்கள் அச்சகத்துக்குத் திருத்தங்கலிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்தார். பின்னம் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு அட்டைகளை, ஆசிரியர்களுக்கான இணையதளத்தில் இலவசமாக இறக்கிப் போனில் வைத்திருந்தார்.

"போர்டுல எம்புட்டு வரைஞ்சாலும் ஏற மாட்டேங்குதுண்ணே. பிள்ளைக கையில புடிச்சு அடுக்கிப் பாக்கணும். நாப்பது செட்டு போதும்."

"நாப்பதுக்கெல்லாம் மிஷின் ஓட்ட முடியாது டீச்சர்."

அவர் கிளம்பவில்லை. பட்டாசு ராக்கெட் பெட்டிக்கு அடித்த அட்டையின் ஓரம் கட்டிங் மிஷினில் நறுக்கி விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஓரத்த என்ன செய்வீக?"

"கழிவுதான்."

"வெட்டுறதுக்கு முன்னால அங்கன என் அட்டைய அடிச்சா?"

ஓரத்தில் விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறேன். பாடம் அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த லோடு ராக்கெட் பெட்டிக்கு இன்னும் அச்சுப் பிளேட் போடவில்லை. இருவரும் உட்கார்ந்து ஓரத்தில் சேர்த்துவிட்டோம்.

மதியம் பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்து ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, என் ராக்கெட்டுக்குப் பக்கத்துல என்ன அரை, காலுன்னு கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். ஓரத்து அட்டைகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வெட்டுனதும் என் மகளுக்கு ஒரு செட்டு எடுத்து வை."

லோடு முழுக்க அடித்ததில் நாற்பது போக மிச்ச செட்டெல்லாம் இலவசம் என்று டீச்சர் தன் ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டார். சாத்தூர், மல்லாங்கிணறு என்று ஊர் ஊராக எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது.

அடுத்தது காலண்டர் ஆர்டர். நாலு விரல் ஓரம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் அறிவியல் டீச்சர்கள் இருந்தால் சொல்லுங்கள். நடுவில் காலண்டருக்கும் கொஞ்சம் இடம் வேண்டும், பார்த்துக் கேளுங்கள்.